எந்தக் கடிகாரத்தில் இரண்டு மணி?

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
புரட்டாதி 12.

அன்பு மருமகள் யாழினிக்கு,

உன் குரல்பதிவை இரண்டு தரம் கேட்டேன். முதல் தரம் கேட்கும்போது ஒழுங்கையால் ஐஸ்பழக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான், பாதி விளங்கவில்லை. இரண்டாம் தரம்தான் நீ அழுகையை விழுங்கிக்கொண்டு பேசியிருக்கிறாய் என்று பிடிபட்டது. பொறியியல் பீடம் வெட்டுப்புள்ளியில் மயிரிழையில் போய்விட்டது. பௌதிக விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. வீட்டில் ஆளாளுக்கு, “அதைப் படிச்சால் ரியூசன்தான் குடுக்கலாம்” என்கிறார்கள். போதாக்குறைக்கு, கொழும்பில் படிக்கும் அந்த அக்கா தன்னுடைய கடைசி வருட ஆய்வு சூரியனில் இருந்து வரும் வானொலி இரைச்சலைப் பற்றியது என்று சொல்ல, நீ என்னிடம் கேட்கிறாய்: “மாமா, சூரியன்ர இரைச்சலை அளந்து ஆருக்கு என்ன பிரயோசனம்?”

கேட்கவேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். முப்பத்தெட்டு வருடம் இரைச்சலை இல்லாமல் பண்ணுவதற்குத்தான் எனக்குக் காசு தந்தார்கள். கொட்பே துறைமுகத்துப் பலநாள் படகுகளின் செற், கடைக்காரரின் கசற் றேடியோ, கோயில் அம்பிளிபயர், எது வந்தாலும் முறைப்பாடு ஒன்றுதான்: “அண்ணை, இரையுது.” அதனால் பதிலை ஒரு பாவமன்னிப்போடு தொடங்குகிறேன். இதை உன் அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

2003ஆம் ஆண்டு, சமாதான காலம். ஒக்டோபர் 23ஆம் திகதி பின்னேரம் ஒரு சம்மாட்டி தன் படகின் தூர செற்றைக் கழற்றிக் கொண்டுவந்தார். நடுப்பகலுக்குப் பிறகு திடீரென்று செத்துப்போனதாம். கரையில் இருந்து கூப்பிட்டால் கடலில் கேட்கவில்லை, கடலில் இருந்து கூப்பிட்டால் கரைக்கு வரவில்லை. திறந்து பார்த்தேன். எரிந்த மணம் இல்லை. ஒன்றும் கறுத்திருக்கவில்லை. இருந்தாலும் சந்தேகத்தில் வெளியீட்டு ட்ரான்சிஸ்டர் இரண்டையும் மாற்றினேன். போட்டுப் பார்த்தால் மணி மாதிரிப் பேசியது. காசை வாங்கி லாச்சிக்குள் போட்டேன். பல வருடம் கழித்து, சூரியனில் பெரிய சுவாலை ஒன்று வெடித்தால் பகல் பக்கத்தில் இருக்கும் சிற்றலை றேடியோ முழுவதும் கொஞ்ச நேரம் ஊமையாகிவிடும், பிறகு தானாகவே திரும்பும் என்று வாசித்தேன். உடனே அந்தச் செற்றின் நினைவு வந்தது. சுகதேகிக்கு ஊசி போட்டுக் காசு வாங்கிய வைத்தியனாகிவிட்டேனோ என்று அன்றிலிருந்து ஒரு குறுகுறுப்பு. கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

சுவாலை வெடிக்கும்போது வருவது வெளிச்சமும் எக்ஸ் கதிரும். அவை 8 நிமிடம் 20 செக்கனில் இங்கே வந்து அயனமண்டலத்தின் அடிப்பகுதியைத் தடிப்பாக்கிவிடும். சிற்றலை அதற்குள் உறிஞ்சப்பட்டுப்போகும். இது முதல் அடி. ஆனால் பல பெரிய வெடிப்புகளில் சூரியன் தன் மேல்வளியில் ஒரு பெரும் மேகத்தையே பிய்த்து எறிகிறது. அது செக்கனுக்கு 750 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால்கூட இங்கே வந்து சேர இரண்டேகால் நாள் எடுக்கும். வெளிச்சத்துக்கும் மேகத்துக்கும் இடையில் கிடக்கிற அந்த இரண்டேகால் நாள்தான் உன் அக்காவின் ஆய்வு நடக்கும் இடம்.

மேகம் மெதுவாக வந்தால் பேச்சில்லை. வேகமாக வந்தால் அதன் முன்னால் அதிர்ச்சி அலை கட்டும். இதை நீ துறைமுகத்திலேயே பார்த்திருக்கிறாய். மூதூருக்குப் போகும் வள்ளம் மெல்லப் போகும்போது அதன் அலை முன்னுக்கு ஓடி, வழியில் கிடக்கும் தண்ணீருக்கு “படகு வருகுது” என்று சொல்லிவிடும், தண்ணீர் விலகும். கடற்படையின் டோரா சீறிக்கொண்டு போகும்போது செய்தி போய்ச் சேர முதல் படகு வந்துவிடும். விலக நேரமில்லாத தண்ணீர் படகின் மூக்கில் சுவர் மாதிரிக் குவியும். சூரியனின் வளியிலும் அப்படித்தான், செய்தி போகும் வேகத்தை மீறினால் அதிர்ச்சி. ஆனால் உவமையை அதற்குமேல் இழுக்காதே. தண்ணீரில் துணிக்கையைத் துணிக்கை இடித்துத் தள்ளுகிறது. அங்கே வளி அவ்வளவு ஐதானது, ஒன்றோடொன்று மோதுவதே அபூர்வம். தள்ளுகிற வேலையைக் காந்தப்புலம் பார்க்கிறது. அந்தப் புலத்தின் வழியே அலை போக முடியும் என்று ஹன்னஸ் அல்வேன் எழுதியது 1942இல்.

1942 என்றதும் உன் பூட்டி ஞாபகம் வருகிறா. ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது, ஒரு சாக்கு அரிசியோடும் மூன்று பிள்ளைகளோடும் தம்பலகாமம் மட்டும் நடந்தவ. விமானங்கள் வருவதை இங்கிருந்த ராடார் முன்கூட்டியே கண்டுவிட்டது. முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ஹேர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது, அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அதற்கு ஆறு கிழமைக்கு முன் இங்கிலாந்தில் நடந்தது. பெப்ரவரி கடைசியில் அங்கே இராணுவ ராடார்கள் இரண்டு நாள் பகலில் இரைச்சலால் குருடாகின. ஜேர்மனி குழப்புகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஜே. எஸ். ஹே என்பவர் எல்லா நிலையங்களின் குறிப்பையும் சேர்த்துப் பார்த்தார். இரைச்சல் வந்த திசை சூரியனோடு சேர்ந்து நகர்ந்திருந்தது. அன்று சூரியனின் நடுவில் பெரிய புள்ளி ஒன்று இருந்தது. யுத்த இரகசியம் என்பதால் 1946 வரை அவரால் வெளியில் எழுத முடியவில்லை. என்னை மாதிரி ஆள் அந்த இடத்தில் இருந்திருந்தால் ராடாரின் ட்ரான்ஸ்போமரை மாற்றிவிட்டுக் காசு வாங்கியிருப்பேன்.

இனிச் சத்தம் எப்படி வருகிறது என்பது. சூரியனின் மேல்வளி பிளாஸ்மா, இலத்திரன்கள் கழன்று திரிகிற வளி. அந்த இலத்திரன் கூட்டத்தை ஒருபக்கம் தள்ளிவிட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடும். செக்கனுக்கு எத்தனை தரம் ஆடும் என்பது ஒன்றே ஒன்றைத்தான் பொறுத்தது: ஒரு கன சென்ரிமீற்றருக்குள் எத்தனை இலத்திரன் என்பதை. அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 9000ஆல் பெருக்கு, மீடிறன் ஹேர்ட்சில் வந்துவிடும். பத்துக் கோடி இலத்திரன் என்றால் 90 மெகாஹேர்ட்ஸ், நம் எப்.எம். பாட்டுக்குப் பக்கத்தில். அதிர்ச்சி அலை போகிற வழியில் இலத்திரன்களை முடுக்கிவிடுகிறது, அவை இந்த ஊஞ்சலை ஆட்டுகின்றன, ஆட்டம் வானொலி அலையாகப் புறப்படுகிறது. மேலே போகப் போக வளி ஐதாகும். ஆகவே சத்தத்தின் மீடிறன் இறங்கிக்கொண்டே போகும். குடத்துக்குள் தண்ணீர் நிறையும்போது தொனி ஏறுகிறதே, அதன் மறுபக்கம். சூரியனை விட்டு விலகுகிற ஒன்றை நாம் கண்ணால் காண்பதில்லை. நமக்குக் கிடைப்பது பத்து நிமிடமாக இறங்குகிற ஒரு தொனி.

இதை முதலில் பிடித்தவர்களில் ஒரு பெண் இருக்கிறா. பெயர் ரூபி பெய்ன்-ஸ்கொட். அவுஸ்திரேலியா, சிட்னி. யுத்த காலத்தில் ராடார் வேலை, பிறகு அதே கருவிகளைச் சூரியன் பக்கம் திருப்பினார்கள். டோவர் ஹைட்ஸ் என்று கடலோரச் செங்குத்துப் பாறை, கிழக்கைப் பார்த்தது. அதன் விளிம்பில் அன்ரனாவை வைத்தால், உதிக்கும் சூரியனின் அலை நேராகவும் வரும், கடலில் பட்டுத் தெறித்தும் வரும். இரண்டும் கூடியும் கழிந்தும் வருவதைக் கொண்டு இரைச்சல் சூரியனின் எந்த இடத்தில் இருந்து கிளம்புகிறது என்று கணிக்கலாம். கடலையே கருவியின் பாதியாக்கிய கெட்டித்தனம். சுவாமிமலை உச்சியில் கோணேசர் கோயில் வாசலில் நின்று சூரியோதயம் பார்க்கும் போதெல்லாம் எனக்கு அந்த யோசனைதான். கிழக்கைப் பார்த்த செங்குத்துப் பாறை, கீழே நேராகக் கடல், எதிரில் மறைக்க ஒன்றுமில்லை. நம்மிடம் பாறையும் இருந்தது, அதே யுத்தத்தில் இங்கே இறக்கிய ராடாரும் இருந்தது. வெள்ளைக்காரன் ராடாரை மூட்டைகட்டிக்கொண்டு போனான். நாங்கள் பாறையில் தேங்காய் உடைத்தோம். குறை சொல்லவில்லை, பொறாமைதான்.

1947 மார்ச் 8ஆம் திகதி ரூபியும் டொன் யாப்ஸ்லியும் ஜோன் போல்ற்றனும் மூன்று வாங்கிகளை வைத்திருந்தார்கள்: 200, 100, 60 மெகாஹேர்ட்ஸ். பெரிய வெடிப்பு ஒன்று 200இல் முதலில் வந்தது. நிமிடங்கள் பிந்தி 100க்கு வந்தது, அதற்கும் பிந்தி 60க்கு வந்தது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. வாங்கி ஒன்றுதான் இருந்திருந்தால் அது வெறும் இரைச்சல். மூன்று இருந்ததாலும், மூன்றின் நேரத்தையும் ஒழுங்காகக் குறித்ததாலும், ஏதோ ஒன்று சூரியனை விட்டு மேலே ஏறுகிறது என்று சொல்ல முடிந்தது. இரண்டு வருடம் கழித்து போல் வைல்ட், மீடிறன்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துழாவும் கருவியோடு வந்து அந்தச் சரிவைக் கோடாகவே படம் பிடித்து, இரண்டாம் வகை வெடிப்பு என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர்தான் இன்றைக்கும்.

ரூபிக்கு நடந்ததையும் தெரிந்துகொள். 1944இல் கலியாணம் முடித்ததை அவ மறைத்துவைத்தா. கலியாணமான பெண் நிரந்தர அரச உத்தியோகம் பார்க்கக்கூடாது என்பது அந்தக் காலத்து அவுஸ்திரேலிய விதி. 1950இல் தெரிந்ததும் நிரந்தரம் பறிபோனது. அடுத்த வருடம் பிள்ளை பிறக்க முதல் வேலையை விட்டா. பிறகு பள்ளிக்கூட ரீச்சர். ரியூசன்தான் கொடுக்கலாம் என்று உனக்குச் சொன்ன பெரியாட்களுக்கு இந்தக் கதையைச் சொல்லாதே, தங்கள் பக்கத்துக்கு எடுத்துக்கொள்வார்கள்! ஆனால் அவ செய்த வேலையை எந்த விதியாலும் திருப்பி எடுக்க முடியவில்லை, அதை மனதில் வைத்துக்கொள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. ஒரு கணக்குச் செய்வோம், பேனையை எடு. அதிர்ச்சியின் தொனி 100 மெகாஹேர்ட்சில் இருந்து 50க்கு இறங்க 4 நிமிடம் எடுத்தது என்று வை. மேலே சொன்ன சூத்திரத்தால் 100க்குரிய அடர்த்தி ஏறக்குறைய 12 கோடி, 50க்குரியது 3 கோடி. இனி எந்த உயரத்தில் எந்த அடர்த்தி என்று ஒரு அட்டவணை வேண்டும். பலர் எடுப்பது 1961இல் கோர்டன் நியூகேர்க் தந்த சூத்திரம். அதன்படி முதலாவது சூரிய மையத்தில் இருந்து ஒன்றேகால் ஆரத்தில், மற்றது ஒன்றரை ஆரத்தில். இடைவெளி ஒரு இலட்சத்து எண்பதாயிரம் கிலோமீற்றர். 240 செக்கனால் பிரித்தால் செக்கனுக்கு 750 கிலோமீற்றர். பரீட்சையில் முழுப் புள்ளி.

ஆனால் கொஞ்சம் பொறு. ஊஞ்சல் தன் மீடிறனிலும் கத்தும், அதன் இரட்டிப்பிலும் கத்தும். பதிவில் அநேகமாக இரண்டு கோடுகள் சோடியாக இறங்கும், சிலவேளை ஒன்றுதான் தெரியும். நீ கண்ட கோடு இரட்டிப்பு என்றால் உண்மையான மீடிறன் 50இல் இருந்து 25க்குத்தான் இறங்கியிருக்கிறது. அதே அட்டவணை, அதே 4 நிமிடம். வேகம் 1160க்குப் பாய்ந்துவிடும். கருவி பொய் சொல்லவில்லை, நீயும் கணக்கில் பிழைவிடவில்லை. எந்தக் கோடு என்று நீ எடுத்துக்கொண்டதில்தான் ஐம்பது வீதத்துக்கு மேல் வித்தியாசம். அட்டவணையும் அப்படித்தான். அது சாதாரண நாட்களின் சூரியனுக்கு எழுதியது, வெடிப்பு நடந்த அன்று அந்த இடத்தில் வளி எப்படி இருந்தது என்று அதற்குத் தெரியாது.

இந்த வேகத்தில் நீ அளந்தது என்ன? மீடிறனும் நேரமும். மிச்சம் எல்லாம் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்வது பாவமில்லை, எடுத்துக்கொள்ளாமல் சூரியனுக்கு ஏற முடியாது. எடுத்துக்கொண்டதை அளந்தது மாதிரிச் சொல்வதுதான் பிழை. கம்பஸில் உனக்கு ஆயிரம் சூத்திரம் தருவார்கள். ஒவ்வொரு விடையின் பக்கத்திலும் பென்சிலால் சின்னதாக எழுதிவை, இது எங்கிருந்து வந்தது என்று. என் கொப்பி முழுவதையும் தேடினேன், 38 வருடத்தில் ஒரு இடத்திலாவது அப்படி எழுதியிருக்கிறேனா என்று. “ட்ரான்சிஸ்டர் பழுது” என்றுதான் எழுதியிருக்கிறேன். “பழுது என்று நினைத்தேன்” என்று எங்கேயும் இல்லை.

பிரயோசனம் கேட்டாயே. துறைமுகத்துப் பிள்ளை என்பதால் ஒரு கதை. 1972 ஓகஸ்ட் 4ஆம் திகதி சூரியன் எறிந்த மேகம் ஒன்று பதினைந்து மணித்தியாலத்துக்குள் பூமிக்கு வந்துவிட்டது. அன்று வடவியட்நாம் கரைக்கு அப்பால், மேலே பறந்த அமெரிக்க விமானக்காரர் கடலுக்குள் இரண்டு டசின் அளவில் குண்டுகள் அரை நிமிடத்தில் தாமாக வெடிப்பதைக் கண்டார்கள். கப்பலின் காந்தத்தை உணர்ந்து வெடிக்கும்படி அவர்களே போட்ட கண்ணிகள்! பூமியின் காந்தப்புலம் உலுப்புப்பட, கண்ணிகள் கப்பல் வருகிறது என்று நினைத்துவிட்டன. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் முழுவதும் ஒன்பது மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்ததும் இந்த வகைப் புயலால்தான்.

இரண்டேகால் நாள் அவகாசம் என்பது சின்ன விசயமில்லை. 2004 மார்கழி 26 காலை சுமாத்திராவில் நிலம் நடுங்கியதற்கும் நிலாவெளியில் கடல் ஏறியதற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. உலகத்தில் பல கருவிகள் நடுக்கத்தை எழுதிவிட்டன. நமக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீ அப்போது பிறக்கவில்லை. இதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு மனமில்லை.

இந்தத் துறையில் நம் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்பாய். நிறைய. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 530 மீற்றர் நீளத்தில் ஒரு வானொலித் தொலைநோக்கி மலைச்சரிவில் படுத்துக்கிடக்கிறது. 1970இல் வேலை தொடங்கியது. கோவிந்த் ஸ்வரூப் என்ற மனிதர் அந்த இடத்தைத் தேடி அலைந்ததே ஒரு காரணத்துக்காக. அங்கே மலை வடக்குத் தெற்காக 11 பாகை சரிந்திருக்கிறது, அந்த இடத்தின் அகலாங்கும் 11 பாகை. ஆகவே சரிவில் வைத்த அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரம். அதை ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானப்பொருளை ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் தொடரலாம். செலவை மலை ஏற்றுக்கொண்டது. அந்தத் தொலைநோக்கியைக் கொண்டு பி. கே. மனோகரன் போன்றோர் செய்தது இன்னும் விசேஷம். தூரத்து வானொலி மூலங்கள் சூரியக் காற்றுக்கு ஊடாக மினுங்கும். எங்கே மினுக்கம் திடீரென்று கூடுகிறதோ அங்கே மேகம் போகிறது. அதிர்ச்சியின் சத்தத்தைக் கேட்பது ஒரு வழி என்றால், தெருவிளக்கு மங்குவதைப் பார்த்துப் புகை எங்கே போகிறது என்று அறிவது இது. கர்நாடகத்தில் கௌரிபிதனூரில் சூரியனின் தாழ்ந்த மீடிறன்களைப் படம் பிடிக்கும் அன்ரனா வயலே இருக்கிறது.

அமெரிக்காவில் நாசாவில் கோபால்சுவாமி என்ற தமிழ்நாட்டுக்காரர், இரண்டாம் வகை வெடிப்பில் உலகம் கேட்கும் ஆட்களில் ஒருவர். பூமியில் இருந்து 10 மெகாஹேர்ட்சுக்குக் கீழே கேட்க முடியாது, அயனமண்டலம் மூடிவிடும். அதாவது அதிர்ச்சி மூன்று சூரிய ஆரம் தாண்டினால் நம் காது அடைத்துவிடும். பிறகு செய்மதிதான். 1994இல் ஏவிய விண்ட் விண்கலம் பூமிக்குப் பக்கத்தில் உள்ள 20, 30 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும் அந்தத் தொனியைத் தொடர்ந்து கேட்கும். 2000 யூன் 10ஆம் திகதிப் பதிவில், இறங்கிப்போன தொனிக்குப் பிறகு நடுவழியில் திடீரென்று ஒரு பெரும் இரைச்சல். பின்னால் வந்த வேகமான மேகம் முன்னால் போன மந்தமான மேகத்தை எட்டிப் பிடித்து விழுங்கியதன் சத்தம் அது என்று கோபால்சுவாமி குழுவினர் காட்டினார்கள். ஒரு இரைச்சலுக்குள் ஒரு துரத்தல் முழுவதும் இருக்கிறது, பார்.

இலங்கையிலும் உண்டு. கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தில் கலிஸ்ரோ என்ற வாங்கி இருக்கிறது. சுவிற்சர்லாந்தில் வடிவமைத்தது, 45 முதல் 870 மெகாஹேர்ட்ஸ் மட்டும் செக்கனுக்கு நான்கு தரம் துழாவும். உலகம் முழுவதும் அதே வாங்கிகள் ஊர் ஊராக இருப்பதால் சூரியன் எந்நேரமும் எங்கோ ஒரு அன்ரனாவின் முன்னால் நிற்கும். கிளார்க்கை உனக்குக் கதைக்காரராகத் தெரியும். யுத்தத்தில் அவர் ராடார்க்காரர். 1956இல் நம் சுவாமிமலைக்குக் கீழே கடலில் மூழ்கி, போர்த்துக்கேயன் உடைத்துத் தள்ளிய கோயிலின் தூண்களைப் பார்த்தவர்களும் அவரும் மைக் வில்சனும்தான். சூரிய ஒளியைப் பாயில் பிடித்து விண்கலங்கள் பந்தயம் ஓடும் கதை ஒன்று எழுதினார். அந்தப் பந்தயத்தைக் கடைசியில் கலைப்பது ஒரு சூரியச் சுவாலை. வாசித்துப் பார்.

கலிஸ்ரோப் பதிவுகள் எல்லாம் இலவசம், பதினைந்து நிமிடத் துண்டுகளாக. உனக்கு லப்டொப் போதும். ஆனால் நீ வெறும் பதிவு பார்த்தால் எனக்குத் திருப்தியில்லை, ஒரு அன்ரனாவைக் கையால் கட்டு. ரிவி பார்க்கிற யூஎஸ்பி டொங்கிள் ஒன்றும் அலுமினியக் குழாயும் இருந்தால் தொடங்கலாம். 60 மெகாஹேர்ட்சுக்கு இரண்டரை மீற்றர் நீளம் வேண்டும். எப்.எம். பட்டைக்குள் ஒன்றையும் தேடாதே, பாட்டுத்தான் கேட்கும். ஊட்டி மாதிரி ஒரே அச்சில் திருப்ப ஆசைப்பட்டால் இங்கே எட்டரைப் பாகை சரிக்கவேண்டும், மொட்டைமாடியில் இரண்டு கல் வைத்தால் மலை வந்துவிடும். முதல் மாதம் நீ காணப்போவது சூரியனை அல்ல. பக்கத்து வீட்டு எல்ஈடி மின்குமிழ், ஓட்டோவின் பொறி, போனின் சார்ஜர். அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அறிந்த பிறகுதான் மிச்சம் இருப்பது சூரியனா என்று கேட்கும் தகுதி வரும். அதற்கு நான் இருக்கிறேன், அந்தக் கூட்டத்தோடு என் பழக்கம் பெரிது. ஒரு காலத்தில் கூரையில் ஒரு முழம் வயர் நீட்டியதற்கே சோதனைச்சாவடியில் அரை நாள் நின்றவன் நான். இன்று நீ தாராளமாக நீட்டலாம், அதை வீணாக்காதே.

வேலை கிடைக்குமா என்பதற்கு நேர்மையான பதில்: சூரியனுக்கென்று நம் நாட்டில் வேலை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் இரைச்சலுக்குள் இருந்து விசயத்தைப் பிரிக்கப் பழகியவளுக்குத் துறைமுகத்திலும் தொலைத்தொடர்பிலும் ஆஸ்பத்திரிக் கருவியிலும் வேலை இருக்கிறது. பௌதிக விஞ்ஞானத்தை எடு. அடுத்த வருடம் திரும்பவும் சோதனை எழுதுகிறேன் என்று ஒரு வருடத்தைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டாதே. இது மாமாவின் சொல். முடிவு உன்னுடையது.

இப்போது அந்தச் செற். பழைய கொப்பியைத் தேடி எடுத்துவிட்டேன். 2003 ஒக்டோபர் 23. “2 மணிக்கு நின்றது” என்று சம்மாட்டி சொன்னதை எழுதியிருக்கிறேன். அன்று சூரியனில் பெரிய சுவாலை ஒன்று உண்மையாகவே வெடித்தது. உலக நேரம் 8.19க்குத் தொடங்கி 8.35க்கு உச்சம். நான் குற்றவாளிதான் என்று முதலில் முடிவுகட்டினேன். பிறகு உறைத்தது. அப்போது இலங்கை நேரம் உலக நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னால். 2006 சித்திரையில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. ஆறு என்றால், 2 மணிக்கு உலக நேரம் 8. சுவாலை தொடங்க இன்னும் 19 நிமிடம் இருக்கிறது. செற் சூரியனுக்கு முன்னமே செத்திருக்கிறது, என் ட்ரான்சிஸ்டர் சரி, காசும் சரி.

ஆனால் விரிகுடாவின் அந்தக் கரையில், புலிகளின் பக்கம், பழைய ஐந்தரை மணி நேரத்தைத்தான் வைத்திருந்தார்கள். ஒரே கொட்டியாரக்குடா, இரண்டு கரையில் இரண்டு நேரம். அந்தப் படகில் செற் பார்த்த பெடியன் சம்பூர்க்காரன். அவன் கையில் கட்டியிருந்தது ஊர் நேரம் என்றால், அவனுடைய 2 மணி உலக நேரம் 8.30. சுவாலை உச்சத்துக்கு ஐந்து நிமிடம் முன்.

சம்மாட்டிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, கண் தெரியாது, ஆனால் ஞாபகம் கூர்மை. பெடியன் சம்பூரிலேயே இருக்கிறானாம். நீ லீவில் வரும்போது இரண்டு பேரையும் போய்ப் பார்ப்போம். எந்தக் கடிகாரம் என்று நீதான் கேட்கவேண்டும், நான் கேட்டால் எனக்கு வேண்டிய பதிலைத்தான் வாங்குவேன். கொப்பியையும் கொண்டுவருகிறேன். காசை ஒரு கடித உறையில் போட்டு லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் நான் இறால் காயவைத்திருக்கிறேன் என்று சொல்லு.

அன்புடன்,
மாமா